முதல் மருந்து தண்ணீர்



மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு எது என்று உயிரியல் ஆசிரியை ஒரு நாள் வகுப்பில் கேட்டார். ஈரல் என்றோம், குடல் என்றோம். "உங்களைச் சுற்றிப் போர்த்தியிருக்கிறதே, அதை மறந்துவிட்டீர்களே" என்று சிரித்தார். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீற்றர் வரை வரும். வெளியிலுள்ள கிருமியை உள்ளே விடாமலும், உள்ளேயுள்ள நீரையும் வெப்பத்தையும் வெளியே விடாமலும் இரவு பகலாகக் காவல் காப்பது அதுதான். அந்தக் காவல் ஒரு நிமிடத்தில் உடைந்துபோவதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

எங்கள் வீட்டில் நடந்தது

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மார்ச் மாத இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டு. பதுளையில் எங்கள் வீட்டிலும் எரிவாயு தீர்ந்துபோக, வாப்பா பின்முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டித் தந்தார். அதுவரை மேடை மீதிருந்த அடுப்பு இப்போது தரைக்கு வந்துவிட்டது. மூன்று வயதுத் தம்பியின் கைக்கு எட்டும் உயரம் அது என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேநீருக்குக் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலின் பிடியை அவன் இழுத்தான். நெஞ்சிலும் வலக் கையிலும் வெந்நீர் கொட்டியது. உம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் ஓடியவள் நான்தான். அப்போது ஒன்பதாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். குளியலறைக்கு ஓடிப் பற்பசையை எடுத்து வந்து அவன் நெஞ்சு முழுவதும் பூசினேன். பக்கத்து வீட்டுச் சாச்சி, "இன்னும் பூசு புள்ள, குளிர்ச்சியா இருக்கும்" என்றார். இன்னும் பூசினேன். முற்றத்தில் தண்ணீர்க் குழாய் இரண்டு அடி தூரத்தில் இருந்தது. அதைத் திறக்க எனக்குத் தோன்றவில்லை.

முச்சக்கர வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் பெயரைக் கேட்க முன்பே கேட்ட கேள்வி, "எவ்வளவு நேரம் தண்ணி ஊத்தினீங்க?" என்பதுதான். உம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். புண்ணின் ஆழத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பற்பசை முழுவதையும் அகற்றியாக வேண்டும். மிஸ்ஸி ஒருவர் ஈரத் துணியால் மெதுவாகத்தான் துடைத்தார். ஆனாலும் வெந்த தோலிலிருந்து அது உரியும்போது தம்பி அழுத அழுகை, வெந்நீர் கொட்டியபோது அழுததைவிடப் பெரியது. அது என் கையால் வந்த வேதனை.

மருந்து கட்டி முடிந்ததும் டொக்டர் என்னைக் கூப்பிட்டு, "மகள், நீங்க உதவி செய்யத்தான் ஓடினீங்க. அடுத்த முறை தண்ணிக்கு ஓடுங்க. நாலு பேருக்கும் சொல்லிக் கொடுங்க" என்றார். அந்த நாலு பேர் இன்று நீங்கள்.

ஏன் தண்ணீர்?

தோல் இரண்டு படைகளாலானது. மேலே இருப்பது மேற்றோல்; கீழே தடித்ததாக இருப்பது உட்டோல். குருதிக் கலன்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்வேர்கள் யாவும் உட்டோலில் உள்ளன. 60 பாகை செல்சியஸ் வெந்நீர்கூட சில வினாடிகளில் தோலை ஆழமாக வேகவைக்கப் போதுமானது. கொதிநீர் 100 பாகை. சிறுபிள்ளையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது என்பதால் அதே நீர் அதனை இன்னும் ஆழமாகச் சுடும்.

நாம் கேத்தலைத் தள்ளிவிட்டதும் சுடுவது நின்றுவிட்டது என்று எண்ணுகிறோம். அப்படியன்று. தோலுக்குள் புகுந்த வெப்பம் வெளியேற வழியின்றிக் கீழுள்ள படைகளையும் வேகவைத்துக்கொண்டே இருக்கும். அவித்த முட்டையை அடுப்பிலிருந்து எடுத்த பின்னும் உள்ளே வேகுவது போன்றதே இது.

தீப்புண்ணை மூன்று வலயங்களாகப் பிரித்துக் காட்டினார் ஜக்சன் என்ற பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர். நடுவிலுள்ள வலயம் இறந்துபோனது; அதனை எவராலும் மீட்க முடியாது. வெளிவலயம் சிவந்திருக்கும், அது தானாகவே ஆறிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட வலயமே முக்கியமானது. அங்கே கலங்கள் இறக்கவுமில்லை, பிழைக்கவுமில்லை. குருதியோட்டம் மந்தமாகி ஊசலாடிக்கொண்டிருக்கின்றன. நாம் உடனே குளிர்வித்தால் அவை பிழைக்கும். பற்பசையால் மூடிவிட்டால், அல்லது கிருமி சேர்ந்தால், அவையும் இறந்து புண் ஆழமாகும். ஒரு குழாய் தண்ணீர் காப்பாற்றுவது அந்த இடைவலயத்தைத்தான்.

செய்ய வேண்டிய முதலுதவி

ஒன்று: தீயிலிருந்து ஆளை விலக்குங்கள். உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது; ஓடினால் காற்றில் தீ வளரும். நின்று, தரையில் படுத்து, உருள வேண்டும். பக்கத்திலிருப்பவர் தடித்த கம்பளியால் அல்லது பருத்திப் போர்வையால் மூடி அணைக்கலாம். நைலோன் துணி வேண்டாம். அது உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் தாக்கியவராயின் மின்னிணைப்பைத் துண்டிக்கும்வரை அவரைத் தொடாதீர்கள்.

இரண்டு: ஓடும் சுத்தமான குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். மணிக்கூட்டைப் பார்த்து 20 நிமிடம். தோட்டங்களில் பீலித் தண்ணீர் இருக்கிறது. அதன் கீழே பிடித்தாலே போதும். உடனே செய்ய முடியாவிட்டாலும் சுட்டு மூன்று மணித்தியாலத்திற்குள் செய்தால் பயனுண்டு. ஐஸ் கட்டி வைக்கக்கூடாது. அது குருதிக் கலன்களைச் சுருக்கி இடைவலயத்தைக் கொன்றுவிடும்.

நமது ஊவா மலைநாட்டில் இன்னொரு கவனமும் தேவை. காலைப் பனியில் பீலித் தண்ணீர் உறைய வைக்கும். புண்ணைக் குளிர்விக்க வேண்டும், ஆளைக் குளிர்விக்கக்கூடாது. சுட்ட இடத்தில் மட்டும் நீரை விட்டு, மற்றப் பகுதிகளைக் கம்பளியால் போர்த்தி வையுங்கள். சிறுபிள்ளை நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

மூன்று: நீர் ஊற்றும்போதே சட்டை, வளையல், மோதிரம், மணிக்கூடு ஆகியவற்றைக் கழற்றுங்கள். வெந்நீரில் நனைந்த சட்டை தொடர்ந்து சுடும். சிறிது நேரத்தில் உடல் வீங்கும், மோதிரம் இறுகிவிடும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்காமல் விட்டுவிடுங்கள்.

நான்கு: உணவு சுற்றும் மெல்லிய ஒட்டுத்தாளை, அல்லது நூல் உதிராத சுத்தமான பருத்தித் துணியைத் தளர்வாக மேலே வைத்து மூடுங்கள். பஞ்சு வைக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

ஐந்து: 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். ஆனால் அம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வாசலில் நிற்காதீர்கள்.

பூசக்கூடாதவற்றின் பட்டியல் நீளமானது: பற்பசை, தேங்காயெண்ணெய், பட்டர், முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள், பேனா மை, உப்பு, தேயிலைச் சக்கை. இவை வெப்பத்தை உள்ளே அடைத்து வைக்கின்றன. கிருமியைக் கொண்டு வருகின்றன. புண்ணின் நிறத்தை மறைத்து வைத்தியரின் கண்ணைக் கட்டுகின்றன. எல்லாவற்றையும்விட, பிறகு அவற்றைத் துடைத்தெடுக்க வேண்டியிருக்கிறது.

எப்போது வைத்தியசாலை?

காயப்பட்டவரின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு அவருடைய உடற்பரப்பில் ஏறத்தாழ ஒரு வீதம். அதைவிடப் பெரிய புண்ணாயின் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டாலும், மின்சாரத்தாலோ இரசாயனத்தாலோ ஏற்பட்டாலும், புகையைச் சுவாசித்துக் குரல் கரகரத்தாலும், காயப்பட்டவர் குழந்தையாகவோ முதியவராகவோ இருந்தாலும் அளவைப் பார்க்கத் தேவையில்லை. உடனே செல்ல வேண்டும்.

வலி இல்லாத தீப்புண்ணைக் கண்டு நிம்மதியடையாதீர்கள். மேற்றோல் மட்டும் சுட்டால் சிவந்து எரியும். உட்டோலின் மேற்பகுதி சுட்டால் கொப்புளம் எழும்பிக் கடுமையாக வலிக்கும். உட்டோல் முழுவதும் வெந்துவிட்டாலோ நரம்பு முனைகளும் அழிந்துவிடுவதால் வலி தெரியாது. தோல் வெளுத்தோ கருகியோ பதனிட்ட தோல் போலிருக்கும். வலியில்லாத அந்தப் புண்ணே மிக ஆபத்தானது.

வைத்தியசாலையில் நடப்பது

பெரிய தீப்புண்ணில் ஆளைக் கொல்வது முதலில் கிருமியன்று, நீரிழப்பு. சுட்ட இடத்தின் மயிர்க்குழாய்கள் கசியத் தொடங்கி, குருதியிலுள்ள நீர்ப்பகுதி வெளியே வடிந்துவிடும். 28 நவம்பர் 1942 அன்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கொகோநட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தனர். அன்று காயப்பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த அனுபவத்திலிருந்து, எரிந்த பரப்புக்கேற்ப நீர் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு வளர்ந்தது.

அந்தக் கணக்கு நாம் வகுப்பிலும் செய்து பார்க்கக்கூடியது. வளர்ந்தவரின் தலை 9 வீதம், ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, மறைவிடம் 1, கூட்டினால் 100. குழந்தைக்குத் தலை பெரிதாகையால் அதற்கு 18, கால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14. பார்க்லண்ட் சூத்திரப்படி 4 மில்லிலீற்றரை உடல் நிறையாலும் எரிந்த வீதத்தாலும் பெருக்க வேண்டும். 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு 20 வீதம் எரிந்திருந்தால் 4 × 50 × 20 = 4000 மில்லிலீற்றர், அதாவது 4 லீற்றர் திரவம். அதில் பாதி முதல் 8 மணித்தியாலத்தில், மீதி அடுத்த 16 மணித்தியாலத்தில்.

இந்த 8 மணித்தியாலம் வைத்தியசாலைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணப்படுவதில்லை. சுட்ட நேரத்திலிருந்தே எண்ணப்படுகிறது. தூரத்துத் தோட்டமொன்றிலிருந்து மூன்று மணித்தியாலம் கழித்து வந்தவருக்கு அந்த 2 லீற்றரைக் கொடுக்க ஐந்து மணித்தியாலமே மிஞ்சியிருக்கும். ஆகவே எத்தனை மணிக்குச் சுட்டது என்பதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இதன் பின் ஏற்பு ஊசி, வலி மருந்து, இறந்த தோலை அகற்றுதல், மருந்துக் கட்டு என்று சிகிச்சை தொடரும். சில்வர் சல்பாடயசின் என்னும் வெள்ளைக் களிம்பு பல காலமாகப் பயன்படுகிறது. வெள்ளி அயன்கள் பற்றீரியாவைக் கொல்லும். மும்பை வைத்தியர்கள் தொற்றுநீக்கிய வாழையிலையைப் புண்ணின் மேல் கட்டாகப் பயன்படுத்தி, புண்ணில் ஒட்டாமல் வலியின்றி எடுக்க முடிவதைக் கண்டு 2003இல் வெளியிட்டனர். செலவும் மிகக் குறைவு. ஆனால் அது வைத்தியசாலையில் தொற்றுநீக்கிய இலை. வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய இலையை நாமே கட்டிவிடக்கூடாது.

உட்டோல் முழுவதும் அழிந்த இடத்தில் புதிய தோல் தானாக வளராது. நோயாளியின் தொடையிலிருந்து மெல்லிய தோற்படலமொன்றைச் சீவியெடுத்து அங்கே ஒட்டுவார்கள். அதனை வலை போலத் துளையிட்டு விரித்தால் சிறிய தோல் பெரிய இடத்தை மூடும். சீவிய தொடையும் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஆறிவிடும்.

வீட்டார் செய்ய வேண்டியதும் உண்டு. புண்ணுக்குக் கிரந்தி என்று சொல்லி மீன், முட்டை, இறைச்சி கொடுக்காமல் பத்தியம் வைப்பது நம்மிடையே வழக்கம். புதிய தோலைக் கட்டுவதற்கு உடலுக்குப் புரதம் வழக்கத்தைவிட அதிகம் தேவை. வைத்தியர் தடுக்காவிட்டால் முட்டையும் மீனும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள். மூட்டுகளில் புண் ஆறும்போது தோல் சுருங்கி இழுக்கும். வலிக்கிறதென்று கையை மடக்கியே வைத்திருந்தால் அது மடங்கியபடியே ஆறிவிடும். அதனால் இயன்மருத்துவர் சொல்லும் பயிற்சியைப் பிள்ளை அழுதாலும் செய்விக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டில்

தம்பி வாட்டில் இருந்த நாட்களில் பக்கத்துக் கட்டிலில் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி படுத்திருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கழுத்திலும் வலக் கையிலும் கட்டு. கொழுந்து பறிக்கும் அவளுடைய அம்மா உம்மாவிடம் சொன்னார்: "கரண்டு இல்லீங்க அக்கா. மே மாசம் பரீட்சைன்னு குப்பி வெளக்க பக்கத்துல வச்சிக்கிட்டு படிச்சிச்சு. அசந்து தூங்கிருச்சு போல. போர்வ தட்டி வெளக்கு சாஞ்சிருச்சு."

ஒரு காம்பிராவும் ஓர் இஸ்தோப்புமாக உள்ள லயத்தில் அடுப்பும், படுக்கையும், பாடப் புத்தகமும் ஒரே இடத்தில்தான். குப்பி விளக்கு என்பது பழைய மருந்துப் போத்தலில் லாம்பெண்ணெய் ஊற்றித் திரி போட்டது. உயரமாக, இலேசாக இருப்பதால் தொட்டவுடன் விழும், விழுந்தால் உருளும், மூடி இறுக்கமில்லாததால் எண்ணெய் கொட்டும், கொட்டிய எண்ணெயில் தீ ஓடும்.

இதற்கு விடை கண்டவர் நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. குப்பி விளக்கினால் எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்துக்கொண்டே இருந்த அவர், 1992இல் விளக்கையே மாற்றத் துணிந்தார். அவருக்கு வழி காட்டியது மார்மைட் போத்தல். குட்டையாகவும் கனமாகவும் இருந்ததால் அது எளிதில் சாயவில்லை. அந்த மாதிரியில் தடித்த கண்ணாடியும், உருளாதபடி இரு தட்டைப் பக்கங்களும், திருகி இறுக்கும் உலோக மூடியும் கொண்ட 'சுதீப' விளக்கை உருவாக்கி, மிகக் குறைந்த விலையில் இலட்சக்கணக்கில் பரவச் செய்தார். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சத்திரக் கத்தியால் அவர் காப்பாற்றியவர்களைவிட ஒரு சிறு போத்தலால் காப்பாற்றியவர்கள் அதிகமாயிருப்பர். அந்தப் பிள்ளையின் லயத்தில் அப்படியொரு விளக்கு இருந்திருந்தால் என்று அன்று எனக்கு நினைக்கத் தெரியாது. இன்று நினைக்கிறேன்.

வாட்டைப் பார்க்க வந்தவர்களில் சிலர் அவள் அம்மாவிடம், "பொம்பளப் புள்ள, கழுத்துல தழும்பு நிக்குமே" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தீப்புண்ணுக்கு மருந்து கட்டத் தெரியாவிட்டாலும் இப்படிப் பேசாமலிருக்க நம்மால் முடியும். வகுப்பில், பேருந்தில், கல்யாண வீட்டில் வடுவுள்ள ஒருவரைக் கண்டால் உற்றுப் பார்க்காமல், காரணம் கேட்காமல் சாதாரணமாகப் பேசுவோம்.

வருமுன் காப்போம்

அடுப்பு தரையில் இருந்தால் சுற்றிலும் தடுப்பு வையுங்கள். கேத்தலின் பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். எரியும் விளக்கில், எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். சமைக்கும்போது பருத்தி உடையே நல்லது. துப்பட்டாவின் முனையைக் கட்டிக்கொள்ளுங்கள், நீண்ட கையைச் சுருட்டிக்கொள்ளுங்கள். நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கிவரச் சிறுவர்களை அனுப்புகிறோம். கஞ்சி தண்ணீரைப் போல வழிந்தோடாது. தோலில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் சுடும். இறுக மூடிய பாத்திரத்தைக் கொடுத்து, பெரியவர் ஒருவரை அனுப்புங்கள்.

தம்பிக்கு இப்போது ஆறு வயது. கை நன்றாக மடங்கி நிமிர்கிறது. நெஞ்சில் மட்டும் ஒரு வடு இருக்கிறது. உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் அது இன்னும் சிறியதாக இருந்திருக்கும் என்பது அவனைக் குளிப்பாட்டும் ஒவ்வொரு நாளும் என் நினைவுக்கு வரும். பக்கத்துக் கட்டில் அக்கா அந்த மே மாதம் பரீட்சை எழுதினாளா என்பதை நான் அறியேன்.

இதை வாசித்து முடித்ததும் ஒரு சிறு தாளில் "20 நிமிடம் தண்ணீர், 1990" என்று எழுதி உங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். உம்மாவுக்கும், பக்கத்து வீட்டுச் சாச்சிக்கும், தோட்டத்திலிருக்கும் உங்கள் தோழிக்கும் சொல்லுங்கள். என்னைப் போல இன்னொரு அக்கா குழாயைத் தாண்டிப் பற்பசைக்கு ஓடக்கூடாது என்பதே எனது அவா.

உயர்தர உயிரியல் பிரிவு மாணவி